அதிவேகக் கேமரா: எத்தனை நொடி பதியும், எதில் சேமிப்பது, கூட என்னென்ன வேண்டும்

நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் அதிவேகக் கேமராவைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதியும்?" என்றுதான். பெரும்பாலான கேமராக்களுக்கு விடை ஒற்றை இலக்க நொடிகளில் முடிந்துவிடும். கேட்டவுடன் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் படப்பிடிப்பில் வேலையைக் கெடுப்பது அந்த எண் அல்ல. டிரிகர் (பதிவை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை) தவறான கணத்தில் விழுவது, பதிந்ததை மெமரியிலிருந்து வெளியே எடுக்க ஆகும் நேரம், போதாத வெளிச்சம், இந்த மூன்றும்தான். கூடுதல் மெமரிக்குச் செலவிடும் முன் இவற்றைச் சரிசெய்தால், கையிலிருக்கும் 8 நொடியே தாராளம் என்று பல வேலைகளில் தெரியவரும்.

கணக்கு

ஒரு ஃபிரேமின் (தனிப் படத்தின்) அளவு பைட்டில் வேண்டுமானால் அகலத்தையும் உயரத்தையும் பிட் ஆழத்தையும் (ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்பதை) பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 1280×1024 பிக்சல், 12 பிட் என்றால் ஒரு ஃபிரேம் 19,66,080 பைட். நொடிக்கு 1000 ஃபிரேம் எடுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.97 ஜிபி. கேமராவுக்குள் 16 ஜிபி ராம் இருந்தால் 8 நொடி. 1920×1080-இல் அதே வேகம் நொடிக்கு 3.11 ஜிபி கேட்கும். 32 ஜிபி மெமரி 10 நொடி தாங்கும். ஆய்வகங்களில் இருக்கும் ஃபாண்டம் வி2512 வகைக் கேமராவில் 1280×800 அளவில் நொடிக்கு 25,000 ஃபிரேம் ஓடவிட்டால் நொடிக்கு 38.4 ஜிபி வந்து விழும். அங்கே 72 ஜிபி மெமரிகூட இரண்டு நொடிக்குள் நிரம்பிவிடும்.

நேராக எஸ்.எஸ்.டி-யில் (மின்சாரம் போனாலும் மறக்காத வேகமான சேமிப்பு வட்டில்) எழுதினால் என்ன என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பிசிஐஇ 4.0 வகை என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி உச்சத்தில் நொடிக்கு 7 ஜிபி அளவுக்கு எழுதும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால்தான் முதலில் ராம், பிறகு நிதானமாக வட்டு. வேகம் சில நூறு ஃபிரேமாக இருந்து, பதிவு நிமிடக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் கதை வேறு. கோஆக்ஸ்பிரஸ் போன்ற வேகமான கேபிள் இணைப்பில் கணினிக்கு நேராகக் கொட்டும் கேமராவும், பல எஸ்.எஸ்.டி-களைச் சேர்த்துக் கட்டிய வரிசையும் அதற்குச் சரியாக வரும்.

எட்டு நொடி குறைவாகத் தோன்றினால் அதைத் திரையில் ஓட்டிப் பாருங்கள். 8000 ஃபிரேமை நொடிக்கு 30 வீதம் பார்த்தால் நான்கரை நிமிடம். அதில் பயன்படுவது பெரும்பாலும் பத்து நொடிகூடத் தேறாது.

நேரத்தை நீட்ட மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரமானவை அல்ல.

முதல் வழி உயரத்தைக் குறைப்பது. 1280×512 ஆக்கினால் அதே 1000 ஃபிரேமில் 16 நொடி கிடைக்கும். அல்லது 2000 ஃபிரேமுக்கு ஏற்றி அதே 8 நொடியை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான சென்சார்கள் வரிசை வரிசையாகப் படிப்பவை. எனவே உயரத்தைக் குறைத்தால் வேகம் கூடும். அகலத்தைக் குறைத்தால் பல கேமராக்களில் மெமரி மட்டும் மிச்சமாகும், வேகம் ஏறாது. கிடைமட்டமாக ஓடும் பொருளுக்கு இது வசதி. செங்குத்தாக விழும் பொருளானால் கேமராவையே 90 பாகை சாய்த்து மாட்டிவிடலாம்.

இரண்டாவது வழி தேவையற்ற வேகத்தைக் கைவிடுவது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 நொடி ஆகும். 500 ஃபிரேமில் அதற்கு 225 படம் கிடைக்கும். வீழ்ச்சியைக் காட்ட அது போதும், தரையில் மோதும் கணத்துக்குப் போதாது. மறுகோடியில் கண்ணாடி உடைவது. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் விரிசல் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 10 செ.மீ. பலகையைக் கடக்க 67 மைக்ரோநொடிதான். 1000 ஃபிரேமில் முந்தைய படத்தில் முழுக் கண்ணாடி, அடுத்ததில் சில்லுகள், நடுவில் ஒன்றுமில்லை. விரிசல் ஓடுவதைப் பார்க்க நொடிக்கு ஒரு லட்சம் ஃபிரேம் வேண்டும். அப்போதுகூட ஆறேழு படம்தான். சில்லுகள் பறப்பது மட்டும் போதுமென்றால் 2000 ஃபிரேமே நன்றாக இருக்கும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யாதவர் எல்லா எண்ணையும் உச்சத்தில் வைத்து மெமரியைக் காலி செய்வார்.

மூன்றாவது வழி 12 பிட்டை 8 பிட்டாக்குவது. நேரம் ஒன்றரை மடங்கு கூடும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதிவேகப் படம் பெரும்பாலும் இருட்டாகவே வரும், பிறகு கணினியில் ஏற்றி வெளிச்சத்தைத் தூக்குவோம். தூக்கும்போது 8 பிட்டில் இருண்ட பகுதி பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

ஃபோன்களில் வரும் "960 ஃபிரேம்" வசதியிலும் இதே கணக்குதான். 2017-இல் வந்த சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் சென்சாரோடு ஒட்டிய சிறிய டிராம் மெமரியில் 720பி அளவில் பதிந்தது. ஒரு தடவைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 0.2 நொடி.

டிரிகர்

கேமரா "பதிவு" நிலையில் இருக்கும்போது மெமரியில் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். டிரிகர் வரும்போது நிற்க வேண்டும் என்பதுதான் நாம் கொடுக்கும் கட்டளை. உடனே நிற்பதா, இன்னும் எத்தனை ஃபிரேம் போய் நிற்பதா என்பதைத்தான் டிரிகருக்கு முன், பின் என்ற விகிதமாக அமைக்கிறோம்.

கையால் பொத்தானை அழுத்துகிறவருக்கு விதி எளிது: டிரிகரை முழுக்கக் கடைசியில் வையுங்கள். கண் பார்த்து விரல் அழுத்த 0.2 நொடியாவது ஆகும். 1000 ஃபிரேமில் அது 200 படம், 10,000-இல் 2000 படம். நிகழ்வு தொடங்கும்போது அழுத்த முயல்கிறவர் தோற்பார். முடிந்த பிறகு நிதானமாக அழுத்துகிறவருக்கு எல்லாம் மெமரியில் இருக்கும். முடிந்தபின் சில நொடிக்குள் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நிகழ்வைத் தானே உணரும் சென்சார் டிரிகர் கொடுத்தால் ஒரு தடவைக்கான மெமரியை மிகவும் குறைக்கலாம். 0.1 நொடி முன்னும் 0.4 நொடி பின்னும் போதும் என்ற நிலையில், 8 நொடி மெமரியை 16 பகுதிகளாகப் பிரித்து, இடையில் சேமிக்காமல் 16 தடவை எடுக்கலாம். எப்போதாவது ஒருமுறை சிக்கிக்கொள்ளும் இயந்திரத்தைப் பிடிக்க இதைவிட நல்ல முறை இல்லை.

இந்த முறையில் தவறுவது பெரும்பாலும் மின்சுற்றில்தான். சாதாரண இயந்திர ஸ்விட்ச் மூடும்போது தொடுமுனை சில மில்லிநொடி துள்ளும். ஒரே அழுத்தலைக் கேமரா பல டிரிகராகப் பார்த்துவிடக்கூடும். மெனுவில் இந்தத் துள்ளலைப் புறக்கணிக்கும் டிபவுன்ஸ் அமைப்பை 10 மில்லிநொடிக்கு வையுங்கள். சில கேமராக்கள் அந்த 10 மில்லிநொடி கழித்தே டிரிகரை ஏற்கும். அளவீட்டுக்கு எடுக்கிறீர்கள் என்றால் டிரிகர் ஃபிரேம் அத்தனை தள்ளியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பல கேமராக்களின் டிரிகர் துளை 5 வோல்ட் டி.டி.எல் சமிக்ஞைக்கோ அல்லது வெறும் தொடுமுனை இணைப்புக்கானது. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி கட்டுப்படுத்தி தருவது 24 வோல்ட். நேராகச் சொருகினால் துளை போய்விடும். நடுவில் ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி வழியாகக் கடத்தி மின்சுற்றுகளைப் பிரிக்கும் சில்லு) போடுங்கள். ரிலே போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் அது மூட 5 முதல் 10 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். மோட்டார், சோலினாய்டு, தீப்பொறி உள்ள இடத்தில் கவசமில்லாத நீண்ட ஒயர் ஆண்டெனாபோல வேலை செய்து பொய் டிரிகர் கொடுக்கும். பி.என்.சி முனையுள்ள கோஆக்ஸ் கேபிள் இதைத் தீர்க்கும். கேபிள் நீளத்தால் வரும் தாமதம் மீட்டருக்கு 5 நானோநொடி அளவுதான், கவலை வேண்டாம்.

ஒலியால் டிரிகர் செய்பவர்கள் மறப்பது ஒன்று உண்டு. ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும். மைக் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் டிரிகர் 2.9 மில்லிநொடி பிந்தும். பலூன் வெடிப்பில் பாதிக் கதை அதற்குள் நடந்துவிடும். மைக்கைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து, டிரிகருக்கு முன் 20 மில்லிநொடி ஒதுக்கினால் சரியாகிவிடும். அசைவைப் பார்த்துத் தானே டிரிகர் செய்யும் வசதி கேமராவில் இருந்தால், விளக்கு மினுக்கினாலும் அது டிரிகர் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு கேமராக்களை ஒரே டிரிகரில் கட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் உள்கடிகாரமும் சற்று வேறுபடும். முதல் கேமராவின் சிங்க் (ஒத்திசைவு) வெளியீட்டை இரண்டாவதன் ஃபிரேம் சிங்க் உள்ளீட்டில் கொடுத்தால்தான் ஷட்டர்கள் ஒன்றாகத் திறக்கும்.

மெமரியிலிருந்து வட்டுக்கு

பதிவு 8 நொடி. அதை வெளியே எடுக்க? 16 ஜிபியை நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதும் கார்டுக்கு 9 நிமிடம். ஒரு கிகாபிட் ஈதர்நெட் நடைமுறையில் 110 எம்பி தரும். சுமார் இரண்டரை நிமிடம். யு.எஸ்.பி 3.0 எஸ்.எஸ்.டி 400 எம்பி கொடுத்தால் 40 நொடி. 10 கிகாபிட் ஈதர்நெட் என்றால் 16 நொடி அளவு. இவை இணைப்பின் எல்லைகள். பல கேமராக்களில் உள்ளே இருக்கும் செயலியே இதைவிட மெதுவாக எழுதும். அப்படிப்பட்ட கேமராவில் விலையுயர்ந்த கார்டு போட்டும் பயனில்லை. வாங்கும் முன் கேமராவின் எழுதும் வேகத்தை விவரப் பட்டியலில் தேடுங்கள்.

நாளொன்றுக்கு 40 தடவை எடுத்து ஒவ்வொன்றையும் முழுசாக 30 எம்பி கார்டில் எழுதினால் ஆறு மணிநேரம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், 640 ஜிபி இடமும் வேண்டும். அதே 40 தடவையில் தேவையான அரை நொடியை மட்டும் வெட்டிச் சேமித்தால் 40 ஜிபி, மொத்தம் 25 நிமிடத்துக்குள். எனவே முறை இதுதான்: டிரிகர் விழுந்ததும் கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள், தொடக்கத்தையும் முடிவையும் குறியுங்கள், இருபுறமும் 50 ஃபிரேம் கூடுதலாக விட்டு அதை மட்டும் எழுதுங்கள். தவறிய டேக்கைச் சேமிக்கவே வேண்டாம்.

எந்த வடிவத்தில் எழுதுவது என்பதும் அளவை மாற்றும். 12 பிட்டை நெருக்கி அடுக்கிய ரா (சென்சார் தந்த தரவு அப்படியே) ஒரு பிக்சலுக்கு 1.5 பைட். அதையே நெருக்காமல் 16 பிட்டாக எழுதினால் 16 ஜிபி 21 ஜிபி ஆகும். வண்ணத்தைப் பிரித்து 16 பிட் டிஃப் படங்களாக எழுதினால் பிக்சலுக்கு 6 பைட், அதாவது 64 ஜிபி. கூடவே ஒரே ஃபோல்டரில் 8000 கோப்புகள். எச்.264 என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவம் மிகச் சிறியது, சீக்கிரம் எழுதிவிடும், பார்ப்பதற்கும் காட்டுவதற்கும் அதுவே போதும். ஆனால் புள்ளியைத் தொடர்ந்து வேகம் கணக்கிடும் வேலைக்கு அது ஆகாது. சுருக்கும்போது விளிம்புகள் கரைந்து புள்ளி இடம் மாறும். அங்கே ராவோ, ஃபிரேமுக்கு ஒரு ரா கோப்பான டி.என்.ஜி வரிசையோதான்.

கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்பி எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். பார்க்க வேண்டியது வி30, வி60, வி90 என்ற குறி; தொடர்ந்து எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 30, 60, 90 எம்பி என்று அதற்குப் பொருள். போலிக் கொள்ளளவு கார்டுகளும் உலவுகின்றன. புதுக் கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 நிரலால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே வேலைக்கு எடுங்கள்.

எழுதுவது ஒவ்வொரு முறையும் இரண்டு நொடிக் காட்சி தாண்டியதும் நின்றுபோனால் கேமரா பழுதில்லை. கார்டு ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா ஏற்குமானால் எக்ஸ்ஃபேட் அல்லது எக்ஸ்ட்4-க்கு மாற்றுங்கள். ஏற்காவிட்டால் காட்சியைத் துண்டுகளாகச் சேமியுங்கள். எஸ்.எஸ்.டி முதல் பல ஜிபி வரை பறந்துவிட்டுத் திடீரெனச் சாதாரண ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கினால், மலிவான க்யூ.எல்.சி வட்டின் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பிவிட்டது என்று பொருள். நடுவில் வட்டே காணாமல் போனால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: யு.எஸ்.பி 3.0 துளையின் அடிப்படை அளவு 900 மில்லியாம்ப், 2.0 துளைக்கு 500. தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக இணைத்தால் பெரும்பாலும் தீரும். 10 கிகாபிட் இணைப்பு ஊர்ந்தால் கணினியின் நெட்வொர்க் அட்டையில் ஜம்போ ஃபிரேம் (இது படமல்ல, தரவுப் பொட்டலத்தின் அளவு) 9000 என்று இருக்கிறதா, கேபிள் கேட் 6ஏ-தானா பாருங்கள்.

ராம் மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். மின்சுவிட்சில் கால் பட்டால் திரும்ப எடுக்க முடியாத காட்சி போச்சு. உள் பேட்டரி உள்ள கேமராவில் அடாப்டர் போட்டிருந்தாலும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். இல்லாத கேமராவுக்கு யு.பி.எஸ் கட்டாயம். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வெளிச்சமும் லென்சும்

துணைக்கருவிகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி விளக்குக்குப் போக வேண்டும். சாதாரண வீடியோவில் ஷட்டர் 1/50 நொடி திறந்திருக்கும். 1/10,000-க்குப் போனால் வெளிச்சம் 200-இல் ஒரு பங்கு; ஏழரை ஸ்டாப் இழப்பு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அறை விளக்கைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது.

எக்ஸ்போஷரை (ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை) பொருளின் வேகத்திலிருந்து கணக்கிடுங்கள். 1280 மி.மீ. அகலக் காட்சி 1280 பிக்சலில் விழுந்தால் ஒரு பிக்சல் ஒரு மி.மீ. பொருள் நொடிக்கு 10 மீட்டர் ஓடினால், ஷட்டர் 1/1000-இல் 10 மி.மீ. கலங்கல், 10 பிக்சல். அதை ஒரு பிக்சலுக்குள் அடக்க 1/10,000 வேண்டும். ஃபிரேம் வேகம் 1000-ஆகவே இருக்கலாம். ஷட்டரை மட்டும் குறைத்தால் போதும், மெமரியும் கூடுதலாகச் செலவாகாது. படம் கலங்குகிறதே என்று ஃபிரேம் வேகத்தை ஏற்றுவது வீண்செலவு.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், 60 ஹெர்ட்ஸில் 120. எல்.இ.டி-யில் டிம்மர் பெரும்பாலும் பி.டபிள்யூ.எம் முறையில் விளக்கை அணைத்து அணைத்து எரியவிடும். கண்ணுக்குத் தெரியாதது 5000 ஃபிரேமில் கருப்புப் பட்டையாகத் தெரியும். பெட்டியில் மினுக்காது என்று எழுதியிருப்பதை நம்பாமல் வெற்றுச் சுவரை உண்மையான ஃபிரேம் வேகத்திலும் ஷட்டரிலும் அரை நொடி பதிந்து பாருங்கள். டி.சி-யில் ஓடும் எல்.இ.டி-யை முழு வெளிச்சத்தில் வைத்து, கூடுதல் குறைவைத் தூரத்தால் சரிசெய்வது பாதுகாப்பு. சிறிய விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு வெளிச்சம். மெழுகு, பிளாஸ்டிக், பூச்சி போன்றவை சூட்டில் கெடும். ஃபோகஸ் செய்வதைக் குறைந்த வெளிச்சத்தில் முடித்து, பதிவின்போது மட்டும் முழு வெளிச்சம் கொடுங்கள்.

லென்ஸில் எஃப்/1.4-க்கும் எஃப்/2.8-க்கும் வெளிச்சம் நான்கு மடங்கு வித்தியாசம். அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் லென்ஸிலேயே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நிக்கான் ஜி வகை லென்ஸ்களில் வளையம் கிடையாது, பாடியிலிருந்து கழற்றினால் அப்பர்ச்சர் மூடிக்கொள்ளும். அதைத் திறக்கும் நெம்பு உள்ள அடாப்டர் வேண்டும். கேனன் இ.எஃப் லென்ஸில் அப்பர்ச்சர் மின்னணுக் கட்டளையால் மட்டுமே நகரும். சி-மவுண்ட் கேமராவில் விளிம்புத் தூரம் (லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து சென்சார் வரை) 17.526 மி.மீ., சி.எஸ்-மவுண்டில் 12.526. சி.எஸ் கேமராவில் சி லென்ஸ் போடும்போது 5 மி.மீ. வளையத்தை விட்டுவிட்டால் ஃபோகஸ் கூடவே கூடாது. மேக்ரோவில் 1:1 அளவுக்கு நெருங்கினால் மேலும் இரண்டு ஸ்டாப் போகும். விளக்கைக் கணக்கிடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள்.

டிரைபாட் கனமாக இருக்கட்டும். கேபிள்களை டிரைபாட் காலில் கட்டி வையுங்கள். தொங்கும் கேபிளின் எடை துளையைத் தளர்த்தும், சேமிப்பு நடுவில் அறும். சிதறும் பொருளை எடுக்கும்போது பாலிகார்பனேட் தகடு, அல்லது கேமராவைப் பக்கத்தில் ஒதுக்கி முன்பரப்பில் பூச்சுள்ள ஆடியில் (மிரர்) தெரியும் பிம்பத்தைப் படமெடுக்கலாம். ஆடி வழி எடுத்தால் இடவலம் மாறும்.

படப்பிடிப்பு நாளில் கேமராவை முதலில் போட்டு 15, 20 நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு ரெசல்யூஷன், வேகம், ஷட்டர் மூன்றையும் உறுதிசெய்து, லென்ஸ் மூடியைப் போட்டுக் கருப்பு அளவீடு (இருட்டில் சென்சார் தரும் அளவைப் பதிந்து கழிப்பது) எடுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றினாலும் திரும்ப எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செங்குத்துக் கோடுகள் படமெங்கும் நிற்கும். அடுத்து உண்மையான பொருளை வீணாக்காமல் ஒரு வெற்று ஒத்திகை: டிரிகர் கொடு, ஓட்டிப் பார், வெட்டு, எழுது, கார்டைக் கணினியில் திற. கோப்பு கணினியில் திறந்து ஓடிய பிறகே முதல் டேக்.

சேமித்த வீடியோ கோப்பின் உள்ளே நொடிக்கு 30 ஃபிரேம் என்றுதான் எழுதியிருக்கும். உண்மையான வேகத்தைக் கோப்புப் பெயரிலேயே போடுங்கள்: டேக் எண், ஃபிரேம் வேகம், ஷட்டர், டிரிகர் ஃபிரேம் எண். மி.மீ. அளவுகோல் ஒன்றைப் பொருள் இருந்த அதே தூரத்தில் வைத்து ஒரு ஃபிரேம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இரண்டு வட்டுகளில் படி எடுத்து, எஸ்.எச்.ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கார்டை அழியுங்கள். கார்டை அழிப்பது கேமராவிலேயே நடக்கட்டும், கணினியில் வேண்டாம். கேமரா எதிர்பார்க்கும் கோப்பு முறை அப்போதுதான் மாறாமல் இருக்கும்.